குடுக்கலைன்னு எழுத ஒரு கட்டம் இல்லையா அய்யா?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பத்திரிகைல வந்த கட்டுரைய எம்மக படிச்சுக் காமிச்சா. எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்குன்னு இருக்குற உலக நிதியத்துல பணம் கொறஞ்சு போச்சு, 1,800 கோடி டாலர் வேணும்னு கேட்டதுக்கு 2025 நவம்பர்ல 1,134 கோடி தான் தேறுச்சு, இனிமே நம்ம அரசாங்கம் வெளிய கேட்டு வாங்குறது கஷ்டம்னு எழுதிருந்தீங்க. சரி, அதெல்லாம் பெரிய எடத்து சமாச்சாரம். ஆனா நடுவுல ஒரு வரி, கடற்கரை சனங்க ஒடம்பு கொஞ்சம் தேறுனதும் டீபி மாத்திரைய பாதியில விட்டுர்றாங்க, அதனால தான் நோய் ஒழிய மாட்டேங்குதுன்னு. அந்த வரிய மட்டும் எம்மகள ரெண்டு தடவ படிக்கச் சொன்னேன்.

எங்க வீட்டுக்காரவுகளுக்கு 2023 டிசம்பர்ல டீபின்னு சொன்னாக. விசைப்படகுல பங்குக்குப் போற ஆளு. எடை 42 கிலோ, தெனம் மூணு மாத்திரை, வெறும் வயித்துல. மூத்திரம் செவப்பாப் போகுதுன்னு பயந்து போயி, அது மருந்தோட கலருன்னு நர்சம்மா சொன்ன பெறகு தான் சோறு எறங்குச்சு. கடல்ல கொமட்டும், வாந்தி எடுப்பாக, கூட வர்றவன் என்னண்ணே தண்ணியப் போட்டுட்டு வந்தியளான்னு கேப்பான், ஆமாடான்னு சிரிச்சுக்கிருவாகளாம், ஏன்னா உண்மைய சொன்னா அடுத்த தடவ கடலுக்குப் போறப்ப போட்டுல எடம் இருக்காது. அப்படியும் ஒரு நாள் விடல. முழுங்குன நாளுக்கெல்லாம் காலண்டர்ல நான் பென்சில் கோடு போட்டு வெச்சிருக்கேன், வேணும்னா அனுப்புறேன், நீங்களே எண்ணிக்கலாம்.

2024 மார்ச்சுல பதினோரு நாளைக்குக் கோடு இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனா ஸ்டாக் இல்ல, நாளைக்கு வாங்க. நாளைக்குப் போனா திங்கக்கெழம வாங்க. (எந்த ஆஸ்பத்திரின்னு எழுத மாட்டேன், கவுண்டர்ல இருந்த பிள்ளை என்ன செய்யும், அதுவும் சம்பளத்துக்கு வந்தது தான்.) அப்பறம் தான் தெரிஞ்சுது, நாடு பூரா தட்டுப்பாடாம், மத்திய அரசே மாநிலங்களப் பாத்து நீங்களே வாங்கிக்கங்கன்னு லெட்டர் போட்டுருக்காம். உங்களுக்குத் தெரியாம இருக்காது, நீங்க பத்திரிகைக்காரவுக. கடைசில சீட்டுப் பணத்த எடுத்துக்கிட்டு ராமநாதபுரம் போயி, நாலு மெடிக்கல் ஏறி எறங்கி, தனித்தனி மாத்திரையா வாங்கியாந்தோம்.

அதுக்குப் பெறகு நடந்தது தான் இன்னிக்கும் நெஞ்சுல நிக்குது. அடுத்த தடவ போனப்ப அவுக அட்டைல பதினோரு நாள் மருந்து எடுக்கலைன்னு எழுதுனாக. அய்யா நீங்க குடுக்கலையேன்னேன். அதுக்கு இதுல கட்டம் இல்லம்மான்னாக. எடுக்கலைன்னு எழுத கட்டம் இருக்கு, குடுக்கலைன்னு எழுத கட்டம் இல்ல. இந்த அட்டை எல்லாம் கூட்டிக் கழிச்சு டெல்லிக்குப் போயி அங்கருந்து வெளிநாட்டுக்காரன் மேசைக்குப் போகும், அதப் பாத்து நீங்களும் ஒரு வரி எழுதிட்டீங்க, உங்க மேல கோவப்பட்டு என்ன செய்ய.

எம்மக நர்சிங் படிக்கிறா. அவ சொல்லி தான் எனக்கே தெரியும், 1956ல மெட்ராஸ்ல காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கி, ஏழைபாழைகள வீட்லயே வெச்சு மருந்து குடுத்துப் பாத்ததுல, சானடோரியம்ங்கிற காசநோய் ஆஸ்பத்திரில கெடந்தவுக மாதிரியே இவுகளுக்கும் கொணமாச்சாம், 1959ல அது வெளிய வந்த பெறகு தான் ஒலகமே நோயாளிய வீட்ல வெச்சுப் பாக்க ஆரம்பிச்சுச்சாம். குடிசைல இருந்த சனம் அன்னிக்கே ஒழுங்கா முழுங்கிருக்கு. ஏன்னா மாத்திரை வந்துச்சு.

வெளிநாட்டுப் பணம் எங்களுக்குப் புதுசும் இல்ல. மண்டபம் கேம்ப்னு ஒரு ஸ்டேஷன் இருக்கே, அது என்ன கேம்ப்னு நெனைக்கிறீங்க, தேயிலத் தோட்டத்துக்குப் போற நம்ம சனத்த காலரா, அம்மை இருக்கான்னு நாள்கணக்குல அடைச்சு வெச்சுப் பாக்க சிலோன் அரசாங்கம் தன் காசுல நடத்துனது. அவுக ஊருக்கு நோய் வந்துறக் கூடாதுல்ல. அதே இலங்கை பின்னாடி உலக நிதியத்துல பணம் வாங்கி, சண்டைக்கு நடுவுலயும் மலேரியா வேலைய விடாமப் பாத்து, 2016ல மலேரியா இல்லாத நாடுன்னு சான்றே வாங்கிட்டாக. தனுஷ்கோடிலருந்து எட்டிப் பாக்குற தூரம். இங்க எங்க ராமேஸ்வரம் தீவுல, கொசு வந்துரும், தண்ணிய மூடி வைங்கன்னு நோட்டீஸ் குடுக்குறாக. டிரம்முல ஏன் புடிச்சு வெக்கிறோம், கொழாயில தெனம் வந்தா எந்தக் கிறுக்கி புடிச்சு வெப்பா.

2025க்குள்ள டீபிய ஒழிப்போம்னு 2018ல பிரதமர் சொன்னாக, 2019ல உலக வங்கில 40 கோடி டாலர் கடனும் வாங்குனாக. 2025ம் போயிருச்சு. சத்துணவுக்குன்னு மாசம் 500 ரூவா, எங்களுக்கு அது மூணு மாசம் கழிச்சு மொத்தமா வந்துச்சு, முட்ட வாங்க வேண்டிய காசு அரிசிக் கடன அடைக்கப் போயிருச்சு. 2024 நவம்பர்லருந்து 1000 ஆக்கிட்டாக, நல்லது, அதுக்குள்ள எங்களுக்கு முடிஞ்சு போச்சு. அரசாங்கம் கேக்கட்டும், நல்லாக் கேக்கட்டும், கை நீட்டுறத நான் தப்பு சொல்லல. எங்க பேரக் கெடுத்துக் கேக்க வேணாம்னு தான் சொல்றேன்.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. ரேசன் கடைல அரிசி இம்புட்டு சீனி இம்புட்டுன்னு போர்டுல எழுதிப் போடுறாகல்ல, அது மாதிரி டீபி மாத்திரை இருக்கா இல்லையான்னு ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு சிலேட்டு. விடியக்கால கரைக்கு வந்து, மீன எறக்கிப் போட்டுட்டு, தூங்காம பஸ் ஏறிப் போற மனுசன் வெறுங்கையோட திரும்பாம இருக்கலாம். இத உங்க பத்திரிகைல போட்டா யாராவது பாப்பாக.

கட்டுரைக்கு மேல பாம்பன் பாலம் படம் எதுக்குன்னு தான் வெளங்கல. எங்களப் பத்தி என்ன எழுதுனாலும் அந்தப் பாலத்தப் போட்டுர்றீங்க.

ஊர் பேரு போடலாம். எம்பேரு வேணாம், வீட்ல கல்யாணத்துக்கு ஒரு பொண்ணு இருக்கு.

இப்படிக்கு
ஒரு வாசகி, தங்கச்சிமடம்