அப்பனை உரித்து வைத்த பிள்ளையா?

அன்புள்ள செல்விக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனது நிம்மதியானது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போட்டுவிடு. கண்ணைக் கசக்கவோ குனிந்து வேலை செய்யவோ விடாதே. அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை, எனக்குத் தெரியும்.

உன் மகள் "நீ அப்படியே ஆச்சி மாதிரி ஆயிட்டேம்மா" என்று சொன்னதை இவ்வளவு வருத்தப்பட்டு எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து ஒரு பாட்டு என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதைப் பற்றி உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஹாரி சேப்பின் என்று ஒரு பாடகர். நியூயார்க் பக்கத்தில் நான் இருக்கும் இந்த லாங் ஐலண்டில் வாழ்ந்தவர். 1974-இல் அவர் பாடிய 'கேட்ஸ் இன் த கிரேடில்' அந்த வருஷக் கடைசியில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. தந்தையர் தினம் வந்தால் இங்கே ரேடியோவில் இதைப் போடாமல் இருக்க மாட்டார்கள். பாடுவது ஓர் அப்பா. மகன் பிறக்கிறான், இவருக்குப் பிடிக்க வேண்டிய விமானமும் கட்ட வேண்டிய பில்லும் இருக்கின்றன. இவர் ஊரில் இல்லாதபோதே பிள்ளை நடக்கப் பழகிவிடுகிறான். பத்து வயதில் பந்தை வைத்துக்கொண்டு விளையாடக் கூப்பிடுகிறான். இன்றைக்கு முடியாது, வேலை இருக்கிறது. பையன் கோபப்படுவதில்லை, சிரித்துக்கொண்டே போகிறான், நான் அப்பா மாதிரி ஆவேன் என்கிறான். காலேஜிலிருந்து வந்த மகனை, கொஞ்சம் உட்காரேன் என்று அப்பா கூப்பிடும்போது அவனுக்கு வேண்டியதெல்லாம் கார் சாவி. கடைசியில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அப்பா போன் செய்து, உன்னைப் பார்க்கணும் போலிருக்கிறது என்கிறார். பார்க்க ஆசைதான், நேரம் கிடைக்கணும், புது வேலை படுத்துகிறது, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்கிறான் மகன். போனை வைத்ததும் அப்பாவுக்கு உறைக்கிறது: இவன் என்னைப் போலவே ஆகிவிட்டான். முதலில் 'எப்போ வருவே அப்பா' என்று வந்த பல்லவி, மகன் வளர்ந்த பிறகு 'எப்போ வருவே மகனே' என்று திரும்பிவிடுகிறது.

இந்தத் தந்தையர் தினத்துக்கு முந்தின நாள் எங்கள் நூலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. சின்ன வயதுப் பெண் ஒருத்தி, இதை அக்லி கிட் ஜோ என்ற ராக் குழுவின் பாட்டு என்றே நினைத்திருந்தாள். 1993-இல் அவர்கள் முரட்டு கிட்டார் வைத்துப் பாடியதும் பெரிய ஹிட். அவளுக்கு அதில் சோகத்தைவிடக் கோபம்தான் கேட்கிறதாம். ரிட்டயர் ஆகப்போகிற ஒருவர் இது கேட் ஸ்டீவன்ஸ் பாடியது என்று அடித்துச் சொன்னார். அப்படி நினைப்பவர்கள் இங்கே ஏராளம். அப்பா பிள்ளை பற்றிய இன்னொரு பாட்டு ஸ்டீவன்ஸுடையது, அதோடு பெயரிலும் 'கேட்' இருக்கிறதே. வேன் ஓட்டுகிற இன்னொருவருக்கு இந்தப் பாட்டே ஆகாது. "அந்த அப்பா குடித்துவிட்டுச் சுற்றினாரா? சம்பாதிக்கத்தானே போனார், பில்லை வேறு யார் கட்டுவது?" என்றார். அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று பட்டது. ரெண்டு வேலை பார்க்கிற மனுஷன். அழவைப்பதற்கென்றே எழுதிய பாட்டு என்று ஒருவர் ஒதுக்கித் தள்ளினார். மற்றவர்கள் எல்லோரும் வழக்கமாகச் சொல்வதையே சொன்னார்கள்: விதைத்ததை அறுக்கிறார், மகன் அப்பனை உரித்து வைத்திருக்கிறான்.

செல்வி, நான் இங்கேதான் மாறுபடுகிறேன். அந்த மகன் போனில் சொன்னதை இன்னொரு தடவை பார். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்கிறான். அப்படியென்றால் வீட்டில் யாருக்கு உடம்பு சுடுகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவனால் வர முடியாததற்கு அவர்களும் ஒரு காரணம். பாட்டு முழுக்கத் தேடினாலும் அந்த அப்பா மகனின் காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. விமானத்துக்காகப் பிள்ளையை விட்டுப் போனவரும், காய்ச்சல்காரப் பிள்ளைகளை விட்டு வர முடியாதவனும் எப்படி ஒன்றாக முடியும்? அவன் அவரைப் போல ஆகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 'என்னைப் போலவே ஆகிவிட்டான்' என்பது அப்பாவின் வாக்குமூலம் மட்டும்தான். அந்த நேரத்திலும் அவர் மகனைப் பார்க்கவில்லை, தன்னையேதான் பார்க்கிறார். பேரப்பிள்ளைகளுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டதாகப் பாட்டில் இல்லை.

அப்புறம் இன்னொன்று. ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்கிற இந்தப் பாட்டின் வரிகள் ஒரு பெண் எழுதிய கவிதையிலிருந்து வந்தவை. சேப்பினின் மனைவி சாண்டி எழுதியது. அவருடைய முதல் கணவருக்கும் அந்தக் கணவரின் அப்பாவுக்கும் இடையே பேச்சே சரியாக இருக்காதாம். அந்த மாமனார் நியூயார்க்கில் பெரிய அரசியல்வாதி. இரண்டு பேரையும் பக்கத்திலிருந்து பார்த்தவர் சாண்டி. கவிதையைக் காட்டியபோது சேப்பின் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மகன் ஜோஷ் பிறந்த பிறகுதான் அது அவருக்குள் இறங்கியது, மெட்டுப் போட்டார். பாட்டில் அம்மா என்று ஓர் ஆள் வருவதே இல்லை, கவனித்தாயா? ஆனால் அத்தனையும் ஒரு அம்மாவின் கண் பார்த்தது. அந்தப் பையனை நடக்கவைத்ததும் பந்து விளையாட ஆளில்லாத நாளில் தேற்றியதும் யாராக இருக்கும்? காய்ச்சல் வந்த பிள்ளை பக்கத்தில் இருக்கணும் என்பதை அவன் எங்கே கற்றிருப்பான்?

சேப்பினின் சொந்தக் கதைதான் என்னை இன்னும் வாட்டுகிறது. அவர் அப்பா ஜிம் சேப்பின் பெயர்பெற்ற ஜாஸ் டிரம்ஸ் கலைஞர். 1948-இல் அவர் போட்ட பாடப் புத்தகத்தை டிரம்ஸ் பழகுகிறவர்கள் இன்றும் வைத்துப் பயிற்சி செய்கிறார்கள். கச்சேரி கச்சேரி என்று ஊர் ஊராகப் போனவர், மணவாழ்க்கையும் முறிந்தது. மகன் ஹாரியும் அதே போல ஊர் சுற்றிப் பாடுகிறவராகத்தான் ஆனார். வருஷத்துக்குச் சுமார் 200 கச்சேரி, அதில் ஏறக்குறைய பாதி தர்மத்துக்கு. பசி ஒழிப்புக்காக 1975-இல் ஓர் அமைப்பு தொடங்கினார். இங்கே லாங் ஐலண்டில் அவர் தொடங்கிய உணவு வங்கி இன்றும் நடக்கிறது. 1981 ஜூலை 16 அன்று ஐசன்ஹோவர் பார்க்கில் பாடுவதாக இருந்தது. அன்றைக்கு மதியம் நெடுஞ்சாலையில் அவர் காரும் ஒரு லாரியும் மோதிக்கொண்டன. அன்றே இறந்துபோனார், வயது 38. அந்தப் பார்க்கின் திறந்தவெளி அரங்குக்கு இப்போது அவர் பெயர். மகள் ஜென் பாடகியானார், அப்பாவின் பசி ஒழிப்பு வேலையிலும் சேர்ந்துகொண்டார். ஊர் சுற்றிய தாத்தாவிடமிருந்து இசையும் வந்தது, இல்லாமையும் வந்தது. அடுத்த தலைமுறை இசையை எடுத்துக்கொண்டது, பசித்தவனைப் பார்க்கும் கண்ணையும் சேர்த்துக்கொண்டது. எதை எடுப்பது, எதை விடுவது என்பது பிள்ளைகள் கையிலும் இருக்கத்தான் செய்கிறது.

அதனால் உன் மகள் சொன்னதை நினைத்துக் கலங்காதே. எதில் ஆச்சி மாதிரி என்று அவளிடமே கேள். அரிசியைக் களைந்த தண்ணீரைக் கொட்டாமல் செடிக்கு ஊற்றுவதிலா, வாசலில் யார் வந்தாலும் சாப்பிட்டாச்சா என்று கேட்பதிலா? அதெல்லாம் இருக்கட்டுமே. நாம் பயந்த அந்தக் கோபத்தைச் சொல்கிறாள் என்றால் அதையும் கேட்டுக்கொள். கேட்டுக்கொள்வதே ஆச்சி செய்யாத காரியம்.

பாட்டை அனுப்புகிறேன், உங்க வீட்டுக்காரரையும் கூட உட்கார வைத்துக் கேள். மாதத்தில் பாதி நாள் வேலையாக வெளியூர் லைனில் இருக்கிறவர் அவர். எங்கள் வேன் டிரைவர் பக்கம் நிற்கிறாரா, என் பக்கம் நிற்கிறாரா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அவர் சொல்வதை அப்படியே எழுது.

அன்புடன்,
மீனா