கடலோர நடைபாதையின் இரு முனையிலும் உள்ள இரும்புக் குழாய்த் தடுப்பை அகற்றக் கோரி மனு

அனுப்புநர்:
மனுதாரர்,
கலங்கரை விளக்கத் தெரு.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: கலங்கரை விளக்கம் முதல் முகத்துவாரம் வரையுள்ள நடைபாதை – முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் நுழைய முடியாத நிலை – தடுப்பை அகற்ற வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து ஏற்கெனவே அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கலங்கரை விளக்கத்தடியில் தொடங்கி, சவுக்குத் தோப்பு வழியாக மணல்மேட்டை ஒட்டி, முகத்துவாரத்தில் பறவை பார்க்கும் மேடை வரை செல்லும் நடைபாதையைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். பூநாரைகள் வந்திருந்த நேரத்தில் தாங்களே அங்கு வந்து பார்த்ததை ஊரே பேசிக்கொண்டது. அந்தப் பாதையில் படி கிடையாது, ஏற்றம் கிடையாது. தளக்கல் பதித்த சமதளம், பாதி தூரத்துக்கு மேல் மரநிழல். கடற்கரை மணலில் கால் வைக்க முடியாதவர்களும் கடலைப் பார்த்தபடி நடந்து போக இந்த வட்டாரத்தில் இருக்கும் ஒரே வழி அதுதான். அதை அமைத்துக் கொடுத்ததற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் குறையைச் சொல்ல வேண்டும். நன்றி, ஐயா.

குறை வருமாறு:

1. மோட்டார் சைக்கிள்கள் உள்ளே வராமல் இருக்க, பாதையின் இரு முனையிலும் இரும்புக் குழாய் நட்டிருக்கிறார்கள். உடம்பை ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். நுழைந்ததும் முழங்கால் உயரத்தில் குறுக்கே இன்னொரு குழாய். அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

2. என் தாயாருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் செயலிழந்துவிட்டது. சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். நான்கு சுவருக்குள்ளேயே வைத்திருக்காதீர்கள், தினமும் காற்றோட்டமாக வெளியே அழைத்துப் போங்கள் என்று மருத்துவர் சொன்னார். மணலில் தள்ளிக்கொண்டு போகலாம் என்றால் நாற்காலியின் சின்ன முன்சக்கரங்கள் உடனே புதைந்துவிடும். அதனால் இந்தப் பாதையை விட்டால் வேறு வழியில்லை. தடுப்பு வைப்பதற்கு முன்பு மேடை வரை போய்வருவோம். உள்ளான் பறவைக் கூட்டம் அலை பின்வாங்கும்போது ஓடி, அலை வரும்போது திரும்பி ஓடுவதைப் பார்த்து அம்மா சிரிப்பார். நோய் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அங்கேதான்.

இப்போது என்ன நடக்கிறது என்றால், முதலில் அம்மாவை நாற்காலியிலிருந்து இறக்க வேண்டும். அவரால் நிற்க முடியாது. குழாயைப் பிடித்தபடி இடக்காலை மட்டும் ஊன்றிக்கொள்வார். நான் ஒரு கையால் அவரைத் தாங்கிக்கொண்டு மறு கையால் நாற்காலியை மடித்துத் தூக்கி அந்தப் பக்கம் போட வேண்டும். பிறகு அவரைத் தூக்கித் தாண்டவைக்க வேண்டும். யாராவது வந்து கைகொடுக்காவிட்டால் இது நடக்கவே நடக்காது. ஒரு நாள் குழாய் மூட்டில் துருத்திக்கொண்டிருக்கும் போல்ட்டில் சேலை மாட்டி, பொது வழியில் அத்தனை பேர் முன்னால் அவர் கூனிக் குறுகி நின்றார். "விடும்மா, வீட்டுக்கே போகலாம்" என்றார். அன்றிலிருந்து வெளியே கூப்பிட்டால் தலைவலி என்கிறார். அவருக்குத் தலைவலி இல்லை, ஐயா. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இந்த ஒரு குழாயை எடுத்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

3. என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. காலையில் ஏலம் முடிந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் மீன்காரப் பெண்களுக்கும் இதுதான் குறுக்குவழி. தலையில் கூடையை வைத்துக்கொண்டு முழங்கால் உயரக் குழாயைத் தாண்டிப் பார்த்தால் தெரியும். பார்வையற்ற ஒருவர் தினமும் வருவார். அவர் கைத்தடி குழாய்க்கு அடியில் புகுந்து போய்விடும், தடை இருப்பதே தெரியாது, முழங்காலில் நேராக இடிக்கும். மூட்டுவலிக்காரர்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வருபவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள் எல்லாரும் தோப்பு முனை வரை வந்து திரும்பிப் போகிறார்கள். மற்றவர்கள் எப்படியும் எங்கேயும் நடப்பார்கள். இந்தப் பாதை யாருக்கு வேண்டுமோ அவர்களுக்குத்தான் கதவு அடைத்திருக்கிறது.

4. சரி, மோட்டார் சைக்கிளாவது நின்றதா? இல்லை. தடுப்புக்கு இடப்பக்கம் பத்தடி தள்ளி மணல்மேட்டின் மீது ஏறிப் போகிறார்கள். தாங்கள் வந்து பார்த்தால் ஒரு வண்டித்தடம் வெள்ளையாகத் தெரியும். அங்கே முன்பு அடப்பங்கொடி படர்ந்து, ஊதாப் பூவாகப் பூத்துக் கிடந்தது. அதற்கு மேலே ராவணன் மீசைப் புல். மணலை வேரால் பிடித்து வைத்திருந்தவை இந்தச் செடிகள்தான். சக்கரம் ஏறி அவை செத்ததும் மணல் இளகிவிட்டது. காற்று அதை அள்ளிக்கொண்டு வந்து நடைபாதையின் மீதே கொட்டுகிறது. தோப்பு தாண்டியதும் வரும் வளைவில் தளக்கல்லே தெரியாத அளவுக்கு மணல் கிடக்கிறது. அதாவது, குழாயைத் தாண்டி எப்படியோ உள்ளே போய்விட்டாலும் நாற்காலி அந்த வளைவில் சிக்கிக்கொள்ளும். திருடனுக்குப் பயந்து வாசலில் கிழவியைக் கட்டிப்போட்டு, கொல்லைக் கதவைத் திறந்துவைத்தது போல ஆகிவிட்டது.

மணல்மேடு போனால் என்ன ஆகும் என்பதை 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தையிலிருந்து பங்குனி வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுவதும் இதே மேட்டின் அடிவாரத்தில்தான். ஒரு குழியில் நூறு முட்டை அளவுக்கு இருக்கும். பொரிந்து வரும் குஞ்சு வெளிச்சம் தெரியும் பக்கம் நகரும் இயல்புடையது. கடல் பக்கம் போக வேண்டியது வண்டி விளக்கைப் பார்த்துத் திரும்பும். டயர் பதிந்த பள்ளத்தில் விழுந்தால் ஏற முடியாது, விடிந்ததும் காக்கைக்கும் நாய்க்கும் இரை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் வைத்துக் காக்கப்படும் உயிரினம் அது. நாம் அமைத்த தடுப்பு வண்டியைத் தடுக்கவில்லை, ஆமையின் தலைமேல் திருப்பிவிட்டிருக்கிறது.

5. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது, விதிகள் 2017-இல் வந்தன. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களைக்கூட விதிகள் வந்த ஐந்து ஆண்டுக்குள் எல்லாரும் பயன்படுத்தும்படி மாற்ற வேண்டும் என்பது சட்டம். அந்தக் கெடு என்றோ முடிந்துவிட்டது. இங்கே நடந்திருப்பது தலைகீழ். எல்லாரும் பயன்படுத்திய ஒன்றை முடியாதபடி மாற்றியிருக்கிறார்கள்.

6. சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடலருகே போக 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதை உடைத்தது. சரிசெய்து மறுபடியும் திறந்தார்கள். புயல் உடைத்ததையே சரிசெய்ய முடிகிறது. நாமே நட்ட குழாயைப் பிடுங்க முடியாதா?

7. முன்பு மனு கொடுத்தபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பாதையைப் போட்ட அலுவலகம், இடம் எங்களுடையது இல்லை என்றது. இடத்துக்குரிய அலுவலகம், குழாய் எங்களுடையது இல்லை என்றது. அப்புறம் ஒரு குறுஞ்செய்தி, "தங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது" என்று. அதன்பின் இன்னொன்று, "மனு முடித்துவைக்கப்பட்டது" என்று. எதை முடித்தீர்கள்? குழாய் அங்கேயேதான் நிற்கிறது. நேரில் போய்க் கேட்டதற்கு, கடலோர ஒழுங்குமுறை மண்டலம், எதைத் தொட்டாலும் அனுமதி வாங்க வேண்டும் என்றார் ஒருவர். நடும்போது வாங்கிய அனுமதியைக் காட்டுங்கள் என்றேன். உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டார்.

8. தடுப்பில் பூட்டு இருக்கிறது, ஐயா. நட்ட குழாய், குறுக்குக் குழாய் இரண்டுமே கழற்றக்கூடியவை. தாங்கள் பூநாரை பார்க்க வந்த அன்று ஜீப் போவதற்காகக் கழற்றிவைத்திருந்தார்கள். அதனால்தான் தங்கள் கண்ணில் அது படவே இல்லை. தாங்கள் கிளம்பிய கையோடு மறுபடி பூட்டிவிட்டார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

9. வண்டியைத் தடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மோட்டார் சைக்கிளின் கைப்பிடி அகலமும் சக்கர நாற்காலியின் அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான். சக்கரத்தைத் தள்ளும் கைக்கும் இடம் விட வேண்டும். ஆகவே எந்தக் குழாய் எல்லா வண்டியையும் நிறுத்துகிறதோ அது நாற்காலியையும் நிறுத்தும். இரும்பால் தீராத வேலை இது. வண்டி வரும் மாலை நேரத்தில் ஒரு காவலர், ஒரு கேமரா, பிடிபட்டால் அபராதம். சில வாரம் ஒழுங்காகச் செய்தாலே போதும், ஊருக்குள் செய்தி பரவிவிடும்.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டியவை:

இரு முனையிலும் குறுக்குக் குழாயை அடியோடு எடுத்துவிட்டு, நடுவில் குறைந்தது 90 சென்டிமீட்டர் இடைவெளியுடன் தூண் மட்டும் வைக்க வேண்டும். மணல்மேட்டுப் பக்கம் சவுக்குக் கழியால் வேலி போட்டு, அடப்பங்கொடியை மறுபடி நட்டுவிட வேண்டும். கொடியை வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்ளும், பெரிய செலவில்லை. வளைவில் கிடக்கும் மணலை அள்ள வேண்டும். எந்த அலுவலகத்தின் வேலை என்பதைத் தாங்களே ஓர் உத்தரவில் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்த மனுவும் அந்த இரண்டு மேசைக்கும் நடுவில்தான் கிடக்கும்.

இதற்கெல்லாம் நாளாகும் என்றால் முதலில் அந்தப் பூட்டையாவது திறக்கச் சொல்லுங்கள். அதற்கு டெண்டர் வேண்டாம், மதிப்பீடு வேண்டாம், சாவி போதும். தயவுசெய்து ஆள் அனுப்பிக் குழாயை எடுத்துவிடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: தடுப்பு, வண்டித்தடம், மணல் மூடிய வளைவு ஆகியவற்றின் புகைப்படங்கள், முந்தைய மனுக்களின் நகல்கள்.