பல் விஷயத்தில் எப்போது ஓடுவது, எப்போது விடியும் வரை பொறுப்பது

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். கடிதம் கொஞ்சம் நீளம். கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினால் மட்டும் போதாது. கடைசியில் ஒரு சீட்டு இருக்கிறது, அதையும் நிரப்பித் தாருங்கள்.

போன மாதம் விளையாட்டுப் பீரியடில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓடிவந்த வேகத்தில் தண்ணீர்த் தொட்டியின் சிமெண்ட் விளிம்பில் முகம் மோதி விழுந்தான். மேல் முன்பல் ஒன்று வேரோடு பெயர்ந்து மணலில் கிடந்தது. கூட விளையாடியவன் அதை எடுத்துக் குழாயடிக்கு ஓடி, தேய்த்துத் தேய்த்து வெள்ளை வெளேரென்று கழுவி, நோட்டுத் தாளில் மடித்து என்னிடம் கொடுத்தான். நானும் அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். பையனின் அம்மா பாசி எடுக்கக் கடலில் இருந்தார், அப்பா படகில். இரண்டு போனும் கிடைக்கவில்லை. யாரிடம் சொல்லிவிட்டுப் போவது என்று யோசித்ததில் அரை மணி நேரம், ஆட்டோவில் ஒரு மணி நேரம். ராமநாதபுரத்தில் பல் மருத்துவர் தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பால்ல போட்டுக் கொண்டாந்திருக்கலாமே சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பல்லை உள்ளே வைத்துக் கம்பி கட்டியிருக்கிறார். எத்தனை வருடம் நிற்கும் என்று அவரால் உறுதி சொல்ல முடியவில்லை.

தவறு எங்களுடையது. அதற்கப்புறம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

விழுந்த பல்லின் வேர்மேல் மெல்லிய உயிருள்ள திசு ஒட்டியிருக்கும். பல் மறுபடி எலும்போடு ஒட்டுவது அதனால்தான். காற்றுப் பட்டுக் காய்ந்தால் அது செத்துப்போகும், தேய்த்துக் கழுவினால் உரிந்துபோகும். பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டால் அந்தத் திசு ஊதி வெடிக்கும். கடல் தண்ணீரில் போட்டால் உப்பு மிகுந்து சுருங்கிவிடும். பாலில் மட்டும் கொஞ்ச நேரம் தாங்கும். பல்லைத் திரும்ப வைப்பது அரை மணி நேரத்துக்குள் நடந்தால் மிக நல்லது. ஒரு மணி நேரம் தாண்டினால் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரத்துக்குச் சுமார் 55 கிலோமீட்டர். ஆக, நம் கரையில் இருப்பவர்களுக்கு அந்த நேரம் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். பல் பிழைப்பதும் பிழைக்காததும் விழுந்த இடத்தில் நாம் செய்வதைப் பொறுத்துத்தான்.

பல்லை அதன் வெள்ளைப் பகுதியில் பிடித்துத் தூக்குங்கள், வேரைத் தொடாதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ, இல்லையென்றால் நல்ல தண்ணீரிலோ பத்து எண்ணும் நேரம் மட்டும் அலசுங்கள். துணியால் துடைக்கக் கூடாது. பிள்ளை தெளிவாக இருந்தால், பக்கத்துப் பல்லைப் பார்த்து முன்பக்கம் எது என்று கண்டுகொண்டு, குழிக்குள் மெல்ல அழுத்தி வைத்துவிட்டு, மடித்த கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கை நடுங்குகிறது, முடியவில்லை என்றால் ஒரு டம்ளர் பாலில் போட்டுக் கிளம்புங்கள். சர்க்கரை போடாத, ஆறிய பாலாக இருக்க வேண்டும். டீக்கடையில் கொதித்துக்கொண்டிருக்கும் பாலை வாங்கி ஊற்றிவிடாதீர்கள்.

இதெல்லாம் முளைத்து நிலைத்த பல்லுக்கு மட்டும். பால்பல் விழுந்தால் திரும்ப வைக்கவே கூடாது, உள்ளே முளைத்துக்கொண்டிருக்கும் பல் கெட்டுப்போகும். சாணியில் பொதிந்து கூரைமேல் எறியும் நம் பழக்கம் பால்பல்லோடு நிற்கட்டும். ஆறு, ஏழு வயதில் முன்பற்கள் மாற ஆரம்பிக்கும். பதின்மூன்று வயதுக்குள் அநேகமாக எல்லாப் பற்களும் மாறியிருக்கும். இடைப்பட்ட வயதில் எது எந்தப் பல் என்று சந்தேகமாக இருந்தால் குழியில் வைக்காமல் பாலில் போட்டுக் கொண்டுபோங்கள், மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

அடுத்தது வீக்கம். எனக்கு அதிகம் பயம் இதில்தான், ஏனென்றால் இதில் ரத்தம் தெரியாது, யாரும் பதறுவதில்லை. சில வருடங்களுக்கு முன் நம் பள்ளி மாணவி ஒருத்திக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. ஒரு வாரம் துடித்தவள், ஒருநாள் காலையில் வலி சுத்தமாக இல்லை என்று சிரித்துக்கொண்டு வந்தாள். வீட்டிலும் கிராம்பு கேட்டுவிட்டது என்று நிம்மதியாக இருந்தார்கள். உண்மையில் பல்லுக்குள் இருந்த நரம்பு செத்ததால்தான் வலி நின்றிருக்கிறது. சீழ் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நாலாம் நாள் கன்னம் வீங்க, சூடாக ஒத்தடம் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் தாடைக்குக் கீழே கழுத்து வரை கல் மாதிரி இறுகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றி, சீழ் எடுத்து மீட்டார்கள். பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறாள்.

பல்வலியோடு கன்னம் வீங்கினாலே அன்றைக்கே காட்ட வேண்டும். வீக்கம் கண் பக்கம் ஏறினால், அல்லது தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்கினால், காய்ச்சலும் சேர்ந்துகொண்டால், இரவு இரண்டு மணியானாலும் கிளம்புங்கள். வாயை இரண்டு விரல் அளவுக்குத் திறக்க முடியவில்லை, எச்சிலை விழுங்க முடியாமல் வழிகிறது, குரல் மாறுகிறது, மூச்சுக்குச் சிரமப்படுகிறது என்றால் 108. அந்த நேரத்தில் பல் டாக்டர் வீடு எங்கே என்று தேடி அலையாதீர்கள். நேராக ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அப்போது முதலில் காப்பாற்ற வேண்டியது மூச்சுக்குழாயை, பல்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அடிபட்டபின் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முன்போல் சேரவில்லை, தாடை கோணுகிறது என்றால் எலும்பு முறிந்திருக்கலாம். மயக்கம், திரும்பத் திரும்ப வாந்தி இருந்தால் தலையில் அடி. சுத்தமான துணியை மடித்துக் கால் மணி நேரம் அழுத்திக் கடித்தும் ரத்தம் நிற்கவில்லை என்றாலும் சரி, இவை எதுவும் விடியும் வரை காத்திருக்காது. துணியை நிமிடத்துக்கொரு முறை எடுத்துப் பார்க்காதீர்கள், பார்க்கப் பார்க்க ரத்தம் உறையாது.

பல் பாதியாக உடைந்து நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தாலும், தூங்கவிடாத வலி இருந்தாலும், அடிபட்டுப் பல் ஆடிக்கொண்டிருந்தாலும் மறுநாள் காலை முதல் வேலையாகக் கூட்டிப்போங்கள். பல்லின் ஓரம் சிறிதாக உடைந்தது, அடைத்த சிமெண்ட் விழுந்துவிட்டது, குளிர்ந்த தண்ணீர் குடித்தால் கூசுகிறது என்பதெல்லாம் நாலு நாள் பொறுக்கும். இதற்காக வண்டி பிடித்து ராத்திரியில் அலைய வேண்டாம்.

வீட்டு வைத்தியம் பற்றிக் கேட்பீர்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது நல்லது. வீக்கத்துக்குச் சூட்டு ஒத்தடம் வேண்டாம், வெளியிலிருந்து குளிர்ச்சி வையுங்கள். நம் ஊரில் ஐஸுக்கா பஞ்சம்? ஆனால் மீன் பெட்டி ஐஸை அப்படியே வைக்காமல் பாலித்தீன் பையில் கட்டி, மேலே துணி சுற்றிக் கன்னத்தில் வையுங்கள். வலிக்குப் பாராசிட்டமால், பிள்ளையின் வயதுக்கும் எடைக்கும் உரிய அளவில் மட்டும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பதும், புகையிலையை அடக்கிக்கொள்வதும் சதையைப் புண்ணாக்கும். போன தடவை மீந்த ஆன்டிபயாட்டிக்கை எடுத்துக் கொடுப்பது எல்லாவற்றையும்விட மோசம். வீக்கம் இரண்டு நாள் அடங்கின மாதிரி இருக்கும், உள்ளே சொத்தை அப்படியே இருக்கும். (இதைச் சொன்னதற்கு ஒரு தாத்தா என்னிடம் கோபித்துக்கொண்டார். பரவாயில்லை.)

பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு பல்லையும் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுக்கிறது. அந்தச் சீட்டுகளில் எத்தனை புத்தகப் பையின் அடியிலேயே கிழிகின்றன என்று எனக்குத் தெரியும். சொத்தையைச் சின்னதாக இருக்கும்போதே அடைத்துவிட்டால் மேலே எழுதிய பாதி தேவைப்படாது.

எங்கள் பக்கம் இரண்டு ஏற்பாடு செய்திருக்கிறோம். எதிரே இருக்கும் டீக்கடை அண்ணாச்சியிடம் பேசி வைத்திருக்கிறேன், பள்ளியிலிருந்து யார் ஓடிவந்து கேட்டாலும் ஆறிய பால் ஒரு டம்ளர் தருவார், காசு நான் பார்த்துக்கொள்கிறேன். ஆசிரியர்கள் எல்லோரும், பாத்திரம் கழுவ வரும் அக்கா உட்பட, பல்லை எப்படிப் பிடிப்பது என்று ஒரு சுண்ணாம்புக் கட்டியை வைத்துப் பழகியிருக்கிறோம்.

உங்களிடம் கேட்பது இதுதான். கீழே உள்ள சீட்டில், நீங்கள் கடலில் இருக்கும் நேரத்திலும் போன் எடுக்கக்கூடிய ஒருவரின் எண்ணை எழுதுங்கள். பாட்டி, பெரியம்மா, மாமி, பக்கத்து வீட்டுக்காரர், யாராக இருந்தாலும் சரி. அவசரத்தில் உங்களுக்காகக் காத்திராமல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சம்மதமா என்று குறியுங்கள். பிள்ளைக்கு இதயக் கோளாறோ, ரத்தம் சீக்கிரம் உறையாத குறையோ, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமையோ இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளையிடம் சொல்லி எழுத வைத்துக் கைரேகை வைத்தால் போதும். வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் வந்துவிட வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்