சீசன் முடிந்தது, நன்றி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்

அன்புள்ள நண்பர்களே,

எங்கள் ரக்பி கிளப்பின் இந்த வருட ஆட்டங்கள் போன சனிக்கிழமையோடு முடிந்தன. செயலாளர் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் முன், சொல்ல வேண்டியவர்களுக்கு நன்றி சொல்லிவிட வேண்டும். ஆண்டு விழாவில் பெயர்களை மட்டும் வேகமாக வாசித்துவிட்டு மேடையைவிட்டு இறங்க வேண்டியிருந்தது. யார் என்ன செய்தார்கள் என்று சொல்ல அங்கே நேரம் இல்லை.

பல நாடுகளிலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்தவர்கள் சேர்ந்து நடத்தும் கிளப் இது. யாருக்கும் சம்பளம் கிடையாது. இதற்குத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் கைகொடுத்திருக்கின்றன. "அது என்ன, ஆளை ஆள் பிடித்துத் தள்ளும் விளையாட்டா?" என்று கேட்டுக்கொண்டே முதல்முறை வந்து, அப்புறம் ஒரு வாரம்கூட விடாமல் மைதானத்து ஓரத்தில் நின்றவர்கள் அவர்கள். அவர்களும் படிக்க வேண்டும் என்பதால்தான் தமிழில் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி எங்கள் அணியில் இல்லாத ஒருவருக்கு, எதிரணியின் ப்ராப் ஒருவருக்கு.

ரக்பி பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். ஓர் அணியில் 15 பேர், அதில் 8 பேர் ஃபார்வர்டுகள். ஸ்க்ரம் என்பது இரு பக்கத்து எட்டுப் பேரும் தோள் கோத்து எதிரெதிரே தள்ளுவது. முன்வரிசையில் இரண்டு ப்ராப், நடுவில் ஒரு ஹூக்கர். மொத்தப் பாரமும் இந்த மூவரின் கழுத்திலும் முதுகிலும்தான் இறங்கும். அதனால் அந்த இடத்துக்குப் பழகாத ஆளை அங்கே நிறுத்தக் கூடாது என்பது விதி. ஆள் இல்லையென்றால் இரு அணியும் பெயருக்குக் கோத்து நிற்கலாம், தள்ளக் கூடாது; பந்தை உள்ளே போட்ட அணியே எடுத்துக்கொள்ளும். ஆட்டம் நடக்கும்தான். ஆனால் முன்வரிசைக்காரர்களுக்கு அது ஆட்டமே இல்லை.

சீசன் நடுவில் எங்கள் ப்ராப் ஒருவருக்கு வேலை மாற்றல் வந்து நாட்டைவிட்டே போய்விட்டார். இன்னொருவர் வர வேண்டிய விமானம் தாமதம். ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது எதிரணிக் கேப்டன் எங்களிடம் நடந்து வந்து, "எங்களிடம் ஒரு ப்ராப் கூடுதலாக இருக்கிறார், கூட்டிக்கொள்ளுங்கள்" என்றார். வந்தவர் நல்ல ஆகிருதி. எங்களிடம் மிச்சமிருந்த 3 ஆம் எண் ஜெர்சி அவர் தோளிலேயே மாட்டிக்கொண்டது. இரண்டு பேர் சேர்ந்து இழுத்துத்தான் வயிறு வரைக்கும் இறக்கினோம். அதோடு 80 நிமிடமும் தன் சொந்த அணிக்கு எதிராகத் தள்ளினார். கடைசிக் கட்டத்தில் எதிரணிக் கோட்டுக்கு ஐந்து மீட்டரில் ஒரு ஸ்க்ரம். "க்ரவுச், பைண்ட், செட்" என்று நடுவர் சொல்லி முடித்ததும், வாராவாரம் தன்னோடு பயிற்சி செய்கிறவர்களை அவர் ஓரடி பின்னால் நகர்த்தினார். எங்கள் 8 ஆம் எண் ஆட்டக்காரர் பந்தை எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி விழுந்தார். டிரை, அதாவது எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்துப் புள்ளி எடுப்பது. முதலில் கைதட்டியவர் அந்த எதிரணிக் கேப்டன். ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். இருந்தாலும் இந்த சீசனில் நான் மிகவும் ரசித்த ஆட்டம் அதுதான். ஐயா, உங்கள் இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த ஜெர்சியை உங்களுக்கென்றே எடுத்து வைத்திருக்கிறோம்.

நடுவர்களுக்கும் நன்றி. அவர்களும் வேலைக்குப் போகிறவர்கள்தான், வார இறுதியை எங்களுக்காகக் கொடுத்தவர்கள். ரக்பியில் கேப்டன்தான் நடுவரிடம் பேசுவது வழக்கம். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதை மறந்து வாக்குவாதத்துக்குப் போனபோதெல்லாம் கோபப்படாமல் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருவர் ஆட்டம் முடிந்தபின் எங்கள் புது ஆட்டக்காரரைத் தரையில் படுக்கவைத்து, டேக்கிள் ஆனதும், அதாவது பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்தியதும், ஏன் கையை எடுத்துவிட்டு நகர வேண்டும் என்று செய்தே காட்டினார்.

அடுத்து, எங்கள் விங் ஆட்டக்காரத் தம்பிக்குத் தோள்பட்டை விலகிய அந்த இரவைப் பற்றி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அவர் இந்த ஊருக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இங்கே உறவு என்று யாரும் இல்லை, உள்ளூர் மொழியும் தெரியாது. மருத்துவமனைக் கவுன்ட்டரில் முன்பணம் கட்டுங்கள், உறவினர் யாராவது கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்தால் ஒருவர் மாற்றி ஒருவரிடம் இணைத்துக்கொண்டே இருந்தார்கள். பையனோ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அப்போது எங்கள் இரண்டாம் அணி லாக் ஆட்டக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் தன் கார்டை எடுத்து நீட்டினார். ஹூக்கரின் மனைவிக்கு அந்த மொழி நன்றாகத் தெரியும். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து, விடியும்வரை அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதைப் பையனுக்கும் பையன் சொன்னதை டாக்டருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரிலிருந்த பையனுடைய அம்மாவிடம் போனில் பேசியதும் அவர்தான். "நான் கூடவே இருக்கிறேன்மா, பயப்படாதீர்கள்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். அக்கா, அன்றைக்கு நீங்கள் இல்லாமல் போயிருந்தால் நாங்கள் தடுமாறியிருப்போம்.

டிஸ்சார்ஜ் ஆனபின் தம்பியைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டது நம் தமிழ்க் குடும்பம் ஒன்று. தோளைக் கட்டிவைத்திருந்ததால் சட்டை மாட்ட முடியாமல் தவித்தார். அந்த வீட்டு அம்மா பழைய டி-ஷர்ட்டுகளை எடுத்து, தோளோரத் தையலைப் பிரித்து, அழுத்துப் பொத்தான் வைத்துத் தைத்துக் கொடுத்தார். போடுவதற்குக் கையைத் தூக்கவே வேண்டாம். இதைப் பார்த்த எங்கள் பிசியோ (இயன்முறை மருத்துவர்), இனி தோள் அடிபடுகிறவர்களுக்குக் கொடுக்க இன்னும் சில தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். மறுவாரமே வந்து சேர்ந்தன. இப்போது முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறோம். அம்மாவுக்கு என் வணக்கம். தம்பி ஓடத் தொடங்கிவிட்டார், டாக்டர் சரி என்றதும் களத்துக்குத் திரும்புவார்.

அந்தக் கவுன்ட்டர் முன் நின்ற அனுபவத்துக்குப் பிறகுதான் கிளப்புக்கென்று ஓர் அவசர மருத்துவ நிதி வேண்டும் என்று முடிவு செய்தோம். அதற்குப் பணம் சேர்க்க ஒரு செவன்ஸ் போட்டி நடத்தினோம். அணிக்கு 7 பேர், பாதிக்கு 7 நிமிடம், ஒரே நாளில் பல ஆட்டம். செவன்ஸ் பிறந்ததே இப்படி ஒரு தேவையில்தான். 1883 இல் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் கிளப்புக்குப் பணம் தேவைப்பட்டபோது, அங்கே ஆடிக்கொண்டிருந்த நெட் ஹெய்க் என்ற இறைச்சிக்கடைக்காரர் சொன்ன யோசனை அது. எங்கள் போட்டிக்கு அணிகளை அனுப்பிய கிளப்புகள், ஸ்கோர் எழுதியவர்கள், வெயிலில் தண்ணீர் சுமந்த பிள்ளைகள், கொடி பிடித்த பெற்றோர்கள் எல்லோருக்கும் நன்றி. நிதி இப்போது தனிக் கணக்கில் இருக்கிறது. அந்த லாக் ஆட்டக்காரருக்கு அவர் கட்டிய பணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. அவர் அதில் ஒரு பங்கை அதே கணக்கில் போட்டுவிட்டுப் போனார்.

எங்கள் பிசியோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரையிறுதியில் ஆட்டத்தை வழிநடத்தும் எங்கள் ஃப்ளை ஹாஃப் ஆட்டக்காரரின் தலையில் முழங்கால் பட்டது. எழுந்து நின்றார், சிரித்தார், ஆடுவேன் என்றார். தொழில்முறை ஆட்டத்தில் இருப்பதுபோல் வெளியே கூட்டிப்போய்ச் சோதித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு நம்மைப் போன்ற அமெச்சூர் ஆட்டத்தில் கிடையாது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே வெளியேற வேண்டும், அன்று திரும்ப இறங்கக் கூடாது. ஆட்டக்காரர் கெஞ்சினார், கோட்டுக்கு வெளியே சிலர் சத்தம் போட்டார்கள். பிசியோ அவருடைய மவுத்கார்டை (பல்லுக்கு மாட்டும் பாதுகாப்பு உறையை) வாங்கித் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். பேச்சு அதோடு முடிந்தது. அன்று மாலை அந்த ஃப்ளை ஹாஃபிடம் முதல் பாதி ஸ்கோரைக் கேட்டோம், அவரால் சொல்ல முடியவில்லை. அந்த ஆட்டத்தில் தோற்று இறுதிப் போட்டி வாய்ப்பும் போனது. என்னைக் கேட்டால் இந்த வருடம் கிளப்பில் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவு அதுதான். சத்தம் போட்டவர்கள் மறுநாளே உங்களிடம் வந்து மன்னிப்புக் கேட்டதும் எனக்குத் தெரியும். கிளப்பில் எல்லோர் சார்பாகவும் நன்றி, டாக்டரம்மா. உங்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

ஜெர்சிகளைத் துவைத்து எண் வாரியாக மடித்து வைத்தவர்களுக்கும், வராத சந்தாவைப் பொறுமையாகக் கேட்டு வாங்கிய பொருளாளருக்கும், மைதானத்தில் மழைநீர் தேங்கிய நாட்களில் தன் பள்ளித் திடலைத் திறந்துவிட்ட தலைமையாசிரியருக்கும் நன்றி.

அப்புறம், மூன்றாவது பாதி. ஆட்டத்தின் இரண்டு பாதிகளும் முடிந்தபின் இரு அணிகளும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசுவதற்கு ரக்பி உலகம் வைத்திருக்கும் பெயர் அது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வாரம் முழுக்கப் பேச்சுத் துணை இல்லாமல் கிடப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். பலர் எங்கள் கிளப்புக்கு வருவதே அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான். ஆனால் அது குடியை மட்டும் சுற்றி நடந்தால் பாதிப் பேர் ஒதுங்கிவிடுவார்கள். குடிக்காதவர்கள், குடும்பத்தோடு வருகிறவர்கள், மதக் காரணத்தால் அந்தப் பக்கமே வராதவர்கள் என்று எங்களிடம் எல்லோரும் உண்டு. இதைப் புரிந்துகொண்டு, இரவுக் கூட்டத்தை மதியத்துக்கு மாற்றி, குழந்தைகளுக்கு ஒரு மூலையை ஒதுக்கி, யார் எதைக் குடிக்கிறார்கள் என்ற கேலியே இல்லாமல் பார்த்துக்கொண்டவர் எங்கள் சமூக நிகழ்ச்சிப் பொறுப்பாளர். குடித்தவர்கள் யாரும் வண்டி எடுக்காமல் சாவியை வாங்கி வைத்ததும் அவர்தான். வியாழக்கிழமை டச் ரக்பியைத் தொடங்கியவரும் அவரே. அதில் டேக்கிள் கிடையாது, கையால் தொட்டால் போதும். ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஆடலாம். ஓரமாக நின்று பார்த்த பல மனைவிமார்கள் இன்று அந்த அணியின் தூண்கள். அவர்களில் சிலர் அடுத்த சீசனின் பெண்கள் அணிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

வேலை போனவருக்கு விண்ணப்பம் எழுத உதவியவர்களையும், வீடு மாறியவர்களின் குளிர்சாதனப் பெட்டியை மாடிப்படியில் இறக்கிக் கொடுத்த ஃபார்வர்டுகளையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

மாற்றலாகி எங்களைவிட்டுப் போனவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு பிரிவுபசாரத்திலும் எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் கல்கத்தா கிளப்பின் கதையைச் சொல்வார். 1872 கிறிஸ்துமஸ் நாளில் கல்கத்தாவில் ஓர் ஆட்டம் நடந்தது. அந்த உற்சாகத்தில் அங்கிருந்த பிரிட்டிஷ்காரர்கள் மறு ஆண்டே ஒரு ரக்பி கிளப்பைத் தொடங்கினார்கள். கொஞ்ச காலம் நன்றாக ஓடியது. பிறகு அங்கிருந்த ராணுவப் படைப்பிரிவு மாற்றலாகிப் போனது, கிளப்பில் இலவச மதுவும் நின்றது, ஆள் குறைந்தது. 1878 வாக்கில் கிளப்பை மூடியபோது வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். நாகப்பாம்பு வடிவில் மூன்று கைப்பிடி, மூடியில் ஒரு யானை. 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான் மோதுகின்றன.

எங்கள் கிளப்பும் மாற்றல் உத்தரவுகளால் ஆட்டம் காண்கிற கிளப்தான். இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் இங்கே இருப்பவர்கள் குறைவு. இந்த வருடத் தொடக்கத்தில் ஓர் அணிக்கே ஆள் தேறாமல், இரண்டாம் அணியைக் கலைத்துவிடலாமா என்று பேசினோம். கலைக்காமல் காப்பாற்றியவர்கள் முன்பு இங்கே ஆடிவிட்டுப் போனவர்கள். இந்த ஊருக்கு வேலைக்கு வரும் தெரிந்தவர்களிடமெல்லாம் எங்களைப் பற்றிச் சொல்லி அனுப்பினார்கள். சிலர் தங்கள் பழைய பூட்ஸைக்கூட விட்டுச் சென்றிருந்தார்கள். புதிதாக வந்தவர்கள் முதல் வாரப் பயிற்சியை அவற்றைப் போட்டுக்கொண்டுதான் ஓடினார்கள். எங்கே இருந்தாலும் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களால்தான் இரண்டு அணிகளும் கடைசி ஆட்டம்வரை இறங்கின.

கிட்டங்கிச் சாவி, முதலுதவிப் பெட்டி, கணக்குப் புத்தகம் மூன்றையும் புதிய செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். விடுமுறை முடிந்ததும் வழக்கம்போலச் செவ்வாய்க்கிழமை மாலை பயிற்சி தொடங்கும். முன்வரிசைக்கு ஆள் இன்னும் தேவை. முன்பின் ஆடியிராவிட்டாலும் வாருங்கள், கழுத்தைப் பழக்குவதிலிருந்து நிதானமாகச் சொல்லிக்கொடுக்க எங்களிடம் ஆள் இருக்கிறார்கள். பூட்ஸும் இருக்கிறது.

மிக்க நன்றியுடனும் அன்புடனும்,
விடைபெறும் செயலாளர்