எங்கள் கோல்கீப்பர் எந்த மாநிலத்தவர் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழுப் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

அண்மையில் நடந்த கால்பந்து அணித் தேர்வில் கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைப் பகுதியிலிருந்து வந்த எங்கள் கோல்கீப்பரின் பெயர் நீக்கப்பட்டதும், அதற்காகச் சொல்லப்பட்ட காரணமும் தாங்கள் அறிந்தவையே. பிறப்புச் சான்றிதழ் பொள்ளாச்சியில் வாங்கியது என்பதால் அவர் தமிழ்நாட்டுக்காரர் ஆகிவிட்டார். இதே இளைஞர் முன்பு கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு லீக் அணியில் சேரச் சென்றபோது, ஆதாரில் கேரள முகவரி இருக்கிறதே என்று அங்கிருந்தும் திருப்பி அனுப்பப்பட்டார். மாநில எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கம் தமிழர், அந்தப் பக்கம் மலையாளி என்றால், இவர் கையுறை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டிய இடம் எது என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

அவருடைய தந்தை ஆனைமலையைச் சேர்ந்த தமிழர். தாய் நெம்மாறையைச் சேர்ந்த மலையாளி. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் இது ஓர் அதிசயமும் அன்று. எங்கள் ஊரில் பிள்ளைகள் தமிழ் வழிப் பள்ளியில் படித்துவிட்டு மலையாளத்தில் சண்டை போடுவார்கள். பிரசவ வலி வந்தால் எந்தப் பேருந்து முதலில் வருகிறதோ அந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறக்கும். அன்றைக்குப் பொள்ளாச்சிப் பேருந்து முந்திக்கொண்டது, அவ்வளவுதான். ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், பள்ளிச் சான்றிதழ் ஆகிய அனைத்தும் கேரளத்தில் இருக்க, அந்த ஒரு தாள் மட்டும் எடை மிகுந்ததாகிவிட்டது.

அன்றைய தேர்வில் நடந்த இன்னொரு விஷயம் தங்கள் பதிவேட்டில் இருக்காது என்பதால் அதை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். இவருக்குத் தகுதி இல்லை என்று சொல்லி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. முன்கள ஆட்டக்காரர்கள் கோல் அடிக்கும் திறனைச் சோதிக்க வேண்டிய நேரம் வந்தபோது, வந்திருந்த கோல்கீப்பர்கள் போதவில்லை என்று தெரிந்தது. உடனே ஓர் அலுவலர் வந்து, சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய், கோலில் கொஞ்சம் நில் என்றார். 'போக வேண்டாம்' என்று நான் தடுத்தேன். 'நிக்கறேன் மாஷ், புல்லுத் தரையில விழுந்து நாளாச்சு' என்று ஆசிரியரான என்னிடம் சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். வெயில் ஏறும் வரை, பட்டியலில் இடம்பெற்ற ஒவ்வோர் இளைஞனும் உதைத்த பந்துகளைப் பட்டியலில் இல்லாத ஒருவர் பாய்ந்து பிடித்துக்கொண்டிருந்தார். எத்தனை கோல் விழுந்தது என்று அடித்தவர்களுக்குக் குறிப்பு எழுதினார்கள்; தடுத்தவருக்கு எழுத ஒரு வரிகூட இருக்கவில்லை. பந்தைத் தடுக்கும்போது மட்டும் பொள்ளாச்சியில் பிறந்தது ஒரு குறையாகத் தெரியவில்லை போலும்.

புல்லைப் பற்றி அவர் சொன்னதற்கும் பொருள் உண்டு. எங்கள் மைதானம் கட்டாந்தரை. கோல்போஸ்டுக்கு முன்னால் உள்ள இடத்தில் சரளைக்கல் பெயர்ந்து கிடக்கும். ஒரு பக்கமாகப் பாய்ந்து விழுந்தால் இடுப்பும் முழங்கையும் தோலுரியும் என்பதால், பழைய போர்வைத் துண்டை மடித்து டிராக் பேன்ட்டுக்குள் வைத்துத் தைத்துக்கொள்வார். கையுறையின் உள்ளங்கை ரப்பர் இந்தத் தரையில் சீக்கிரமே பிய்ந்துவிடும் என்பதால், நல்ல ஜோடியைப் போட்டி நாளுக்கென்று மூடி வைத்துவிட்டுக் கிழிந்ததோடுதான் பயிற்சி செய்கிறார். விடியற்காலையில் பால் சொசைட்டியில் அளந்து ஊற்றிவிட்டு வந்து கிடைக்கும் கூலியில்தான் அதையும் வாங்க வேண்டும்.

மேலும், கோல்கீப்பருக்கு அணியில் இருப்பது ஒரே ஓர் இடம். மற்றவர்கள் கடைசிப் பத்து நிமிடம் இறங்கியாவது திறமையைக் காட்டலாம்; இவர்களுக்கு அந்த வாய்ப்பும் அரிது. 2018-இல் கொல்கத்தாவில் நடந்த, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பை இறுதிப் போட்டியில், பெனால்டி ஷூட்அவுட்டில் கேரள கோல்கீப்பர் தடுத்த பந்துகள்தாம் கோப்பையைக் கொண்டுவந்தன என்பதைத் தங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

பிறந்த ஊர் கேட்பதே வழக்கமாக இருந்திருந்தால் இந்தியக் கால்பந்துக்குப் பீட்டர் தங்கராஜ் எப்படிக் கிடைத்திருப்பார்? ஹைதராபாத்தில் பிறந்தவர், 1955-இல் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியோடு டூரண்ட் கோப்பையை வென்றார், பின்பு கல்கத்தாவின் பெரிய அணிகளுக்கெல்லாம் கோல் காத்தார், 1962-இல் ஜகார்த்தாவில் இந்தியா ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்றபோது கோலில் நின்றவரும் அவரே. ஜப்பானியத் தாய்க்கும் இந்தியத் தந்தைக்கும் பிறந்த அராதா இசுமி, 2012-இல் இந்தியக் குடியுரிமை பெற்று, அடுத்த ஆண்டே நம் தேசிய அணிக்காக ஆடினார். ஜப்பானிலிருந்து இந்தியாவுக்கு வர வழி இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து தங்கள் மேசைக்கு வரத்தான் வழி இல்லை.

அணிக்கு ஏழு பேர் ஆடும் மலபார் செவன்ஸ் போட்டிகளில் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வரும் ஆட்டக்காரர்களைத் தோளில் தூக்கிக் கொண்டாடும் ரசிகர்கள் வாழும் நாடு இது. 1956 நவம்பர் 1 வரைக்கும் பாலக்காடு நகரமே மதராஸ் மாநிலத்தில்தான் இருந்தது. ஆழியாற்றுத் தண்ணீரில்கூட ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. மணக்கடவில் கேரளத்துக்கு என்று எழுதி வைத்து, இரு மாநில அதிகாரிகளும் அளந்து கொடுத்து வாங்குகிறார்கள். தண்ணீருக்கு எழுதப்பட்ட விதி இருக்கிறது. எங்கள் ஊர் ஆட்டக்காரர்களுக்கு விதி என்பது அன்றைக்கு மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவருடைய வாய்தான். சங்கப் பதவிகளுக்கு ஆள் தேடும்போது இத்தனை சான்றிதழ் கேட்பார்களா என்பது எனக்குத் தெரியாது. அது என் வேலையும் அல்ல.

என் வேலை கேட்பது. கேட்பதும் ஒன்றே ஒன்றுதான். ஓர் ஆட்டக்காரர் எந்த மாநிலத்தவர் என்று முடிவு செய்யத் தாங்கள் பிறப்பிடத்தைப் பார்க்கிறீர்களா, வசிப்பிடத்தைப் பார்க்கிறீர்களா, பெற்றோரைப் பார்க்கிறீர்களா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். எந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதைத் தேர்வு நாளுக்கு முன்பே அறிவியுங்கள். வசிப்பிடமே அளவுகோல் என்றால், அடுத்த தேர்வில் அவரைப் பெயரோடும் எண்ணோடும் கோலில் நிறுத்திப் பாருங்கள். ஆட்டம் போதவில்லை என்று அனுப்பினால் நானே அவரை அழைத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

இக்கடிதத்தில் எங்கேனும் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். அவருடைய ஆவணங்களின் நகல்கள் அனைத்தும் தங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. மீண்டும் தேவைப்பட்டால் நேரில் கொண்டுவந்து தருகிறேன். அடுத்த தேர்வு அறிவிப்பு வெளிவரும் முன் தங்கள் எழுத்துப்பூர்வமான பதிலைப் பணிவுடன் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை