வியூவெர்டுக்குப் போகும் காணொளிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

நெதர்லாந்திலிருந்து தமிழில் பயணக் காணொளி போடும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவர் போட்ட காணொளியைப் போன வாரம் பார்த்தேன். பெயர் வேண்டாம். "பிணங்கள் அழுகாத மர்ம கிராமம்" என்று தலைப்பு. தம்ப்நெயிலில் செத்துப்போன ஒருவரின் முகம், அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பன்னிரண்டு நிமிடம் பேய்ப்பட இசையோடு ஓடி, "பயமா இருந்துச்சா? கமெண்ட்ல சொல்லுங்க" என்று முடிந்தது. எனக்குப் பயமாக இல்லை, வருத்தமாகத்தான் இருந்தது.

ஊர் உண்மைதான். நெதர்லாந்தின் வடக்கு மாகாணமான ஃப்ரீஸ்லாந்தில், லீவார்டனுக்கும் ஸ்னேக்குக்கும் நடுவே பசும்புல்வெளியில் கிடக்கும் வியூவெர்ட். கடல் வந்து போன காலத்தில் மண்ணைக் கொட்டி உயர்த்திய மேடும் அதன்மேல் ஒரு பழைய தேவாலயமும்தான் ஊருக்கு அடையாளம். ஃப்ரீசியர்கள் இந்த மாதிரி மேட்டை 'தெர்ப்' என்பார்கள். அந்த மண்ணிலிருந்து 1866இல் ஒரு தங்கப் புதையல் வெளிவந்தது. 7ஆம் நூற்றாண்டுக் காசுகளும் நகைகளும். இப்போது லைடன் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உங்கள் காணொளியில் இது ஒரு வரிகூட இல்லை. சரி, போகட்டும்.

பிணங்களும் உண்மையே. 1765இல் தேவாலயத்துக்கு அடியில் உள்ள கல்லறை அறையில் வேலை பார்க்கப் போனவர்கள், உள்ளே இருந்த உடல்கள் மட்காமல் காய்ந்து கிடப்பதைக் கண்டார்கள். 11 உடல்கள் இருந்தன என்பார்கள்; இன்று கண்ணாடிக்கு அடியில் இருப்பவை 4. அங்கே ஏதோ இருக்கிறது என்று சோதிக்கப் பிற்காலத்தில் செத்த பறவைகளைக் கூரையில் கட்டித் தொங்கவிட்டார்கள். அவையும் காய்ந்துதான் போயின. காற்றோட்டம், தரையின் தன்மை என்று பல விளக்கங்கள் உண்டு. எதுவும் முடிந்த முடிவில்லை. ஆனாலும் அவர்கள் நான்கு பேர், நம் வீட்டுப் பெரியவர்களைப் போல. முகத்தில் வட்டம் போடாதீர்கள். இதுதான் என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது, நீங்கள் நழுவவிட்ட கதை. 1675இல் இந்த ஊருக்கு ஒரு கூட்டம் வந்து இறங்கியது. பிரெஞ்சுக்காரரான ழான் டி லபாடி என்ற போதகரின் சீடர்கள். அவர் முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். ஊரையொட்டி இருந்த வால்தா மாளிகையில், சொத்தைப் பொதுவில் வைத்து எளிமையாக வாழத் தொடங்கினார்கள். பின்னாளில் அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் 1677இல் பார்க்க வந்தார். ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் லாக் 1684இல் வந்தார். இந்தக் குக்கிராமத்துக்கு!

அந்தக் கூட்டத்தில் ஒருவர் ஆன்னா மரியா வான் ஸ்கூர்மன். லத்தீன், கிரேக்கம், எபிரேயம், அரபு எல்லாம் படித்தவர். எத்தியோப்பிய மொழிக்கு இலக்கணமே எழுதியவர். 1636இல் யூட்ரெக்ட் பல்கலைக்கழகம் தொடங்கியபோது வாழ்த்துக் கவிதை எழுதச் சொன்னார்கள். பெண்களுக்கு ஏன் இடமில்லை என்று அந்தக் கவிதையிலேயே கேட்டார். அப்புறம் பாடம் கேட்க அனுமதி கிடைத்தது, மாணவர் கண்ணில் படாத மறைப்புக்குப் பின்னால். அவர் 1678இல் இறந்தது வியூவெர்டில்.

ஏழு ஆண்டு கழித்து மரியா சிபில்லா மெரியன் வந்தார், தாயோடும் இரண்டு மகள்களோடும். பூச்சிகள் சேற்றிலிருந்து தாமாகப் பிறக்கின்றன என்று பலரும் நம்பிய காலம் அது. பதின்மூன்று வயதிலேயே பட்டுப்புழு வளர்த்துக் கவனித்த இவர், முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என ஒவ்வொன்றையும் அது தின்னும் செடியோடு சேர்த்து வரைந்தவர். கணவர் தேடி வந்து கூப்பிட்டார். இவர் போக மறுத்தார். (இந்த ஒரு காட்சிக்கே நீங்கள் தனி எபிசோடு போடலாம்.) இங்கே லத்தீன் கற்றார், தவளையின் வளர்ச்சியை ஆராய்ந்தார். மாளிகைக்காரக் குடும்பத்தின் ஒருவர் தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்களின் குடியேற்ற நாடாக இருந்த சூரினாமில் ஆளுநர். இந்தச் சபைக்கு அங்கே ஒரு குடியிருப்பும் இருந்தது. 1691இல் மெரியன் ஆம்ஸ்டர்டாமுக்குப் போனார். 1699இல், 52 வயதில், இளைய மகளைக் கூட்டிக்கொண்டு அதே சூரினாமுக்குக் கப்பலேறினார். 1705இல் வெளியான அவருடைய சூரினாம் பூச்சி நூல் இன்றும் பேசப்படுகிறது. ஜெர்மனியின் பழைய 500 மார்க் நோட்டில் இருந்தது இவர் முகம்தான்.

வால்தா மாளிகை இப்போது இல்லை. படம் பிடிக்கச் சுவர்கூடக் கிடைக்காது. அதனால்தான் இந்தக் கதையை யாரும் தொடுவதில்லை என்று நினைக்கிறேன். பிணம் இருக்கிறது, கேமராவுக்கு அது போதும்.

அடுத்தமுறை கோடையில் போங்கள். கல்லறையில் இரண்டு நிமிடம் போதும். வெளியே வந்து சாலையோரத்தில், தொட்டால் அரிக்கும் செந்தட்டிச் செடியின் இலையைத் திருப்பிப் பாருங்கள், கம்பளிப்பூச்சி இருக்கும். கேமராவை அங்கே வையுங்கள். பேசுவதற்கு ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவன்