எங்கள் மகனுக்கு எழுத்தைக் கைகூட்டியவர்களுக்கு நன்றி மடல்

பேரன்புடையீர்,

3ஆம் தரம் முடியும் தறுவாயிலும் ‘கொடி’யைக் ‘கெடி’ என்றே வாசித்துக்கொண்டிருந்த எங்கள் மகனுக்குக் கடந்த ஒன்றரை ஆண்டாகத் துணைநின்ற உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து சொல்லவேண்டிய நன்றியை இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் அவனைப் பார்த்த வைத்தியர், முதலில் கண்ணையும் காதையும் சோதிப்பித்து அவற்றில் பழுதில்லை என்று உறுதிசெய்த பின்னரே, இது டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு என்றும், புத்திக்குறைவோ சோம்பலோ அன்று என்றும், பரம்பரையாகவும் வரக்கூடியது என்றும் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு என் கணவர் வெகுநேரம் பேசாமலிருந்தார். பள்ளிக்கூடத்தில் தாம் வாங்கிய அடிகளைப் பற்றி அன்றிரவுதான் எனக்குச் சொன்னார். வைத்தியரிடம் போவதற்கு முன்பு ஒரு ரியூசன் ஆசிரியர், பிழைவிட்ட சொல்லை நூறு தடவை எழுதும்படி மகனைப் பணித்திருந்தார். அவன் நூறு தடவையும் பிழையாகவே எழுதி முடித்தான். அந்தக் கொப்பியை நான் இன்னும் எறியவில்லை.

எங்கள் ஒழுங்கையில் தச்சுப்பட்டறை வைத்திருக்கும் ஐயாவுக்கு என்ன கைம்மாறு செய்வதென்று தெரியவில்லை. ‘கொ’ என்று சொல்லும்போது ககர ஒலி முன்னும் ஒகர ஒலி பின்னுமாக வருகின்றன. எழுதும்போதோ கொம்பு (ெ) முன்னே போய் நிற்க, அரவு (ா) பின்னே நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாய்ப் பிடித்துக்கொண்டு போகும் பிள்ளை, கொம்பையும் ககரத்தையும் கண்டவுடனே ‘கெ’ என்று முடித்துவிட, அரவு கேட்பாரற்றுப் போய்விடுகிறது. இதை நான் சொன்னதும் ஐயா வேப்பம்பலகையில் எழுத்துகளையும் குறிகளையும் தனித்தனியே வெட்டி, சோடியாக வரவேண்டிய கொம்புக்கும் அரவுக்கும் ஒரே சிவப்பு வர்ணம் பூசித் தந்தார். அவற்றைப் பொருத்திப் பார்த்த மகன், “அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து கானாவை நடுவில பிடிச்சிருக்கினம்” என்றான்.

விஜயதசமியன்று அவனுக்கு ஏடு தொடக்கிய அதே தாம்பாளத்தில் அரிசி பரப்பி, ஒலியைச் சொல்லச் சொல்ல விரலால் எழுதவைத்தவர் என் அம்மா. இரவில் 20 நிமிடம் மட்டுமே. அவன் கொட்டாவி விட்டால் நேரம் முடியுமுன்னரே தட்டை எடுத்துவிடுவார். எனக்கு அந்தப் பொறுமை பல நாள் இருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

வகுப்பாசிரியை அவனை எல்லோர் முன்னிலையிலும் சத்தமாக வாசிக்கச் சொல்லாமல், தவணைப் பரீட்சையில் வினாக்களைத் தாமே வாசித்துக் காட்டி வாய்மொழியாக விடை பெற்றார். சுற்றாடல் பாடத்தில் அவன் இவ்வளவு அறிந்திருந்தான் என்பது எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது.

சென்ற கிழமை யாழ் பஸ் நிலையத்தில் ஒரு பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் பார்த்து, “கொ... டி...” என்று அவன் தொடங்கினான். முடிப்பதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது. வீட்டுக்குப் போவோம் என்று கையைப் பிடித்து இழுத்தும் வராமல், அடுத்த கொடிகாமம் பஸ் வரும்வரை நின்று மிச்சத்தையும் வாசித்த பின்புதான் நகர்ந்தான்.

என்றும் நன்றியுடன்,
ஒரு தாய்
கோண்டாவில், யாழ்ப்பாணம்